கல் எடுத்த கையும் கல் வாங்கிய கையும்



தூத்துக்குடி,
ஜூன் 10

அன்பு மருமகள் ஜெசிந்தாவுக்கு மாமா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி, அது எப்போதும் உள்ளதுதான். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் நேற்று ராத்திரி உன் அம்மா போனில் பேசியதைக் கேட்ட பிறகு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம். மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை எடுக்கிறாயாம், எடுத்தாலும் "ம்" என்பதோடு சரியாம். சென்னைக் கம்பெனியிலிருந்து வேலைக்கு ஆர்டர் வந்திருப்பதையும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீயே சொல்லியிருக்கலாம். போகட்டும். "அண்ணே, நீ சொன்னாத்தான் கேப்பா, சேரச் சொல்லு" என்று அழாத குறையாகக் கேட்டாள். உன் அண்ணன் அந்தோணியும் அதையேதான் பாடுகிறான்.

நான் சேர் என்றும் சொல்லப்போவதில்லை, சேராதே என்றும் சொல்லப்போவதில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். முடிவு உன்னுடையது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். எழுத எழுத எனக்கு மறந்துபோகும்.

முதலில் உடம்பு. போன மாதம் காசுவாரித் தீவுப் பக்கம் நீ கடலுக்குள் இறங்கியபோது கூட வந்த வள்ளத்தில் கம்ப்ரசர் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று கேட்காதே, இந்தக் கடற்கரையில் எனக்குத் தெரியாமல் ஒரு வள்ளம் போகாது. சங்கு குளிக்கிறவர்கள் அந்தக் கம்ப்ரசர் டியூப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தால் நமக்கும் அது சுலபம் என்று தோன்றும். அதில் வருவது எண்ணெய்ப் புகை கலந்த காற்று. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று காட்ட ஒன்றும் கிடையாது. அவசரமாக மேலே ஏறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகப் பொங்கி மூட்டிலும் தண்டுவடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். மிக்கேல் சித்தப்பாவின் காலை நினைத்துக்கொள், அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. சிலிண்டர் கிடைக்கவில்லையா, அன்றைக்கு இறங்காதே. ஒரு நாள் தரவு போனால் போகட்டும்.

நீ அனுப்பிய நாலாவது அத்தியாயத்தைப் படித்தேன். என் இங்கிலீஷுக்கு மெதுவாகத்தான் ஓடியது. ஆனாலும் வேலைக்காலம் முழுக்க விஞ்ஞானிகளைப் பவளப் பாருக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் டேப்பைப் பிடித்து, குவாட்ராட் சட்டத்தைத் தூக்கி வைத்தவன் என்பதால் படத்தைப் பார்த்தே பாதி புரிந்தது. (அந்தக் கட்டுரைகளில் என் பெயர் வந்ததா என்று கேட்டால், அதைப் பற்றி நான் எப்போதும் பேசுவதில்லை.) பவளம் வெளுத்துப்போவதை நீ எழுதியிருக்கும் விதம் அருமை. கடல் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் ஏறி வாரக்கணக்கில் நின்றால், பவளத்தின் சதைக்குள் இருந்து அதற்குச் சோறு போடுகிற நுண்பாசி வெளியேறிவிடுகிறது, பிறகு சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது என்பதைச் சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி சொல்லியிருக்கிறாய். 1998, 2010, 2016 என்று மூன்று வெளுப்பையும் வரிசைப்படுத்தி, கொம்பு கொம்பாகக் கிளைக்கும் அக்ரோபோரா முதலில் சாவதையும் குண்டாக வளரும் போரைட்டிஸ் தாக்குப்பிடிப்பதையும் காட்டியிருக்கிறாய். 1998-ல் அந்த வெள்ளையை நானும் நேரில் பார்த்தவன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

அதற்குப் பிறகு ஓர் அட்டவணை வருகிறது. மனிதத் தாக்கங்கள் என்று தலைப்பு. இழுவைமடி, நங்கூரம் போடுதல், கூண்டு வைத்தல், பாசி எடுக்கும் பெண்கள் பாரின் மேல் நடப்பது, சங்கு குளிப்பு, எல்லாவற்றுக்கும் நேரே ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். அட்டவணைக்குக் கீழே ஒரே வரி: முன்பு உள்ளூர் மீனவர்கள் பவளத்தை வெட்டியெடுத்து வந்தனர், இப்போது அது நின்றுவிட்டது.

ஜெசி, இந்த ஒரு வரியை யார் எழுதியிருந்தாலும் நான் பேசாமல் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நீ எழுதினதுதான் தாங்கவில்லை.

உன் தாத்தா ஏன் கல்லுக்குப் போனார் என்று உனக்குத் தெரியும். முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிந்தது. அதற்குப் பிறகு சர்க்கார் குளிப்பு நடத்தவே இல்லை, சிப்பி இல்லை. சங்கு இருந்தது, ஆனால் சங்கு தெளிவான தண்ணியில்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும், கீழே கை தெரியாது. அந்த மாதங்களுக்கு அரிசிக்கு முன்பணம் கொடுத்தவர் யார், வள்ளக் கணக்கில் கல் கேட்டவர் யார் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர் எழுதப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் இப்போது நல்ல மாதிரி இருக்கிறார்கள். தாத்தா கடப்பாரையோடு இறங்கினார். ஒரு போரைட்டிஸ் குண்டு வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்று நீதானே எழுதியிருக்கிறாய்? இடுப்பு உயரக் கல் என்றால் நூறு வருஷம். அதை அரைநாளில் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றுவார்கள். அது தப்பில்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. தாத்தாவே சொன்னதில்லை.

ஆனால் அந்தக் கல் எங்கே போனது? சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது. சுண்ணாம்பாகிச் சுவருக்குப் போனது, கார்பைடு செய்யும் ஆலைக்குப் போனது, ரோடு போடப் போனது. 1969-ல் மண்டபத்தில் பவளப்பாறைக்கென்றே ஒரு கருத்தரங்கு நடந்தது. அதன் தொகுப்பு 1972-ல் வந்தது. அதில் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் எழுதியதை நீ படித்திருப்பாய், உன் மேற்கோள் பட்டியலில் பார்த்தேன். அவர்கள் இருவரும் கடலில் இறங்கிப் பார்த்து எழுதியவர்கள், கரையில் உட்கார்ந்து எழுதியவர்கள் கிடையாது. மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா இரண்டிலிருந்தும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 25,000 டன் பவளக்கல் எடுக்கப்படுகிறது என்று கணக்குச் சொன்னார்கள். இவ்வளவு கல்லையும் நம் ஊர்க்காரன் அடுப்படியில் அடுக்கி வைத்தானா? 25,000 டன் வாங்கியவன் ஒருத்தன் இருக்க வேண்டாமா? மகாதேவனும் நாயரும் அந்தக் கல் எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அவர்களிடமிருந்து டன்னை எடுத்துக்கொண்ட நீ மற்றதை ஏனம்மா விட்டாய்?

1986-ல் கடல் தேசியப் பூங்கா வந்தது. 21 தீவுகளும் அதற்குள் போயின. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்று இன்னும் பெரிய வட்டம் போட்டார்கள். 2001-ல் பவளத்தையும் கடலட்டையையும் புலி, யானையோடு சேர்த்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்தார்கள். சுனாமிக்குப் பிறகுதான் கல்லெடுப்பு அடியோடு நின்றது. அதெல்லாம் நல்லதுக்குத்தான். அது இல்லாவிட்டால் நீ அளப்பதற்கு இன்றைக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் சட்டம் வந்த பிறகு பிடிபட்டது யார்? வள்ளத்தைப் பறிகொடுத்தது தாத்தா. பேப்பரில் பவளத் திருடர்கள் என்று படம் வந்தது தாத்தாவுக்கும் சவரி பாட்டாவுக்கும். கல் வாங்கிய காளவாசல்காரரை யாரும் படம் பிடிக்கவில்லை. இல்லை, தப்பாகச் சொல்கிறேன், பிடித்தார்கள். சில வருஷம் கழித்து, கடலைக் காப்போம் என்று பள்ளிக்கூடத்தில் நடந்த விழாவில் மாலையோடு உட்கார்ந்திருந்தபோது பிடித்தார்கள். உன் அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள், அவள் உன்னிடம் இதைச் சொல்லியிருக்கமாட்டாள்.

சரி, கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அறிவியலாகவே பார்ப்போம். கல்லெடுத்த இடத்தில் பவளம் ஏன் திரும்பி வரவில்லை என்று உன் அத்தியாயம் சரியாகச் சொல்கிறது. உடைந்த துண்டுகள் அடியில் கிடந்து ஒவ்வொரு கச்சானுக்கும் உருள்கின்றன. மிதந்து வரும் பவளக்குஞ்சு உட்கார அசையாத இடம் வேண்டும், உருளும் கல்லில் ஒட்டினால் தேய்ந்து செத்துப்போகும். அதனால்தான் சிமெண்ட் பலகை வைத்து அதில் பவளத்தைக் கட்டி வளர்க்க வேண்டியிருக்கிறது. அலையை உடைக்கப் பார் இல்லாததால் தீவே கரைகிறது. விலங்குச்சல்லித் தீவும் பூவரசன்பட்டித் தீவும் தண்ணிக்குள் போய்விட்டன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வான் தீவில் இறங்கிச் சோறு பொங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். அந்தத் தீவு பிறகு அதில் ஒரு சின்னப் பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஓட்டை வைத்த சிமெண்ட் கட்டுமானங்களைக் கடலில் வரிசையாக இறக்கித்தான் அதை நிறுத்திப் பிடித்திருக்கிறார்கள். அடுத்து காரியாச்சல்லித் தீவுக்கு அதே வைத்தியம்.

தீவுகள் இப்படிக் கரைந்ததில் எவ்வளவு கல்லெடுத்ததால், எவ்வளவு கடல் உயர்ந்ததால், எவ்வளவு துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர் மணல் நடையை மாற்றியதால்? உன் அட்டவணையில் நங்கூரத்துக்கு ஐந்துக்கு மூன்று போட்டிருக்கிறாய். கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுவருக்கு மதிப்பெண்ணே இல்லை. தூர்வாரிய சேறு, அனல்மின் நிலையத்துச் சாம்பல், சுடுதண்ணீர், நகரத்துச் சாக்கடை, இவற்றுக்கெல்லாம் ஒரு வரிசைகூட இல்லை. சுவரைக் கட்டியது மனிதர் இல்லையா? நங்கூரம் போடுகிறவனைத் தேடிப்போய்க் கேள்வித்தாள் கொடுக்க முடிகிறது, துறைமுகத்துக்குக் கேள்வித்தாள் கொடுக்க முடியாது, அதனால் விட்டிருப்பாய். உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. படிக்கிறவனுக்குப் புரியாது. தீவைக் கரைத்தது ஒரு வத்தைக்காரன் என்றுதான் அவன் நினைப்பான்.

பாசி எடுக்கிற பெண்களுக்கு நாலு மதிப்பெண் போட்டிருக்கிறாய். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்து விற்று, துணி சுற்றிய விரலோடு மூச்சடக்கி இறங்குகிற பிள்ளைகள் அவர்கள். காலால் மிதித்துப் பவளம் உடைகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாம்பன் பக்கம் வெளிநாட்டுக் கப்பாபைகஸ் பாசியைக் கொண்டுவந்து சோதித்ததும், பிறகு பெரிய குளிர்பானக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் பரப்பியதும் இந்தப் பெண்களா முடிவு செய்தது? அந்தப் பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுகிறது என்று 2008-ல் மதுரை ஆய்வாளர்கள் எழுதினார்கள். மிதிப்பதற்கு நாலு என்றால் மூடிக் கொல்வதற்கு எத்தனை? எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

இழுவைமடியை நீ விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. அதை எழுதாவிட்டால் நீ என் மருமகளே இல்லை. இப்போது 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது, வருகிற 14-ம் தேதி நள்ளிரவோடு சரி. துறைமுகத்தில் இரவு பகலாக வலை பின்னலும் எஞ்சின் சத்தமும்தான். அந்தோணி அவன் பங்கு போட்ட விசைப்படகுக்குப் புது மடி வாங்கியிருக்கிறான், கடன் வாங்கித்தான். அந்த மடி கடல்புல்லை வேரோடு வாரும், பார் விளிம்பை அரைக்கும், கிளப்பிய சேறு நாள்கணக்கில் நின்று வெளிச்சத்தை மறைக்கும். அவன் முகத்துக்கு நேரே இதைச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு அவன் ஏன் வரவில்லை என்று நீ கேட்டாயே, அதற்கு இதுதான் பதில். ஆனாலும் ஒன்று. இழுவைமடி இந்தக் கடற்கரையில் தானாக முளைக்கவில்லை. இறாலுக்கு வெளிநாட்டில் விலை இருந்தது, சர்க்கார் மானியம் கொடுத்துப் படகு கட்டச் சொன்னது, வங்கி கடன் கொடுத்தது. இன்றைக்குப் படகு அதிகம் என்று சொல்கிறவர்கள் அன்றைக்குப் போதாது என்றார்கள். அதையும் எழுது என்கிறேன். கையை எழுதினால் அந்தக் கை யாருக்காக நீண்டது என்பதையும் எழுது. மொத்த ஆராய்ச்சியிலும் எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கம்பெனி நல்ல கம்பெனியாகவே இருக்கட்டும். துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், அனல்மின் நிலையம் என்று கடற்கரையில் பெரிதாக எது வந்தாலும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும், 2006 அறிவிக்கை அப்படித்தான் சொல்கிறது. அதை எழுதிக் கொடுப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில், யாராவது எழுதத்தான் வேண்டும். உன்னைப் போலக் கடலுக்குள் இறங்கிப் பார்த்தவள் எழுதினால் நல்லது என்று நீயே உன் அம்மாவிடம் சொன்னாயாம். அதிலும் ஞாயம் இருக்கிறது. உள்ளே இருந்துகொண்டு ஒரு திட்டத்தின் குழாயை ஐந்நூறு மீட்டர் தள்ளிப் போட வைத்தால் அதுவும் புண்ணியம்தான். சம்பளம் மாதாமாதம் வரும். அம்மாவின் நகைக்கடனை அடைக்கலாம். இதையெல்லாம் நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் திட்டம் போடுகிறவன் காசில்தான் அந்த அறிக்கை தயாராகிறது என்பதை மறக்காதே. மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துத் தரவு இருந்தால் பெரும்பாலும் போதும் என்கிறார்கள். நம் கடலில் ஒரு பருவம் என்றால் எதை எடுப்பார்கள்? மாசி, பங்குனியை எடுப்பார்கள். அப்போது தண்ணி தெளிவு, காற்று இல்லை, படகுக்காரன் வருவான், கேமராவில் எல்லாம் அழகாக விழும். ஆனியில் கச்சான் அடித்து ஆறு அடி ஆழத்தில் கையே தெரியாதபோது அந்தச் சேறு எங்கே போய்ப் படிகிறது என்று யார் பார்ப்பார்கள்? சித்திரை, வைகாசியில் தண்ணி கொதித்துப் பவளம் வெளுக்கிறதே, அதன் மேல் தூர்வாரிய மண்ணும் விழுந்தால் என்ன ஆகும்? அதற்கு ஒரு பருவம் போதாது, பத்து வருஷம் வேண்டும். அந்தப் பத்து வருஷத்தில் நாலு வருஷம் ஏற்கெனவே உன் கையில் இருக்கிறது. அதைப் பாதியில் விட்டால் வேறு யாரும் எடுத்துத் தொடரப்போவதில்லை, பெட்டியில் கிடக்கும்.

கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். பந்தல், நாற்காலி, போலீஸ், டீ. அறிக்கை தலையணை கனம் இருக்கும், தமிழ்ச் சுருக்கம் சில தாள்தான் இருக்கும். அதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று எழுதியிருக்கும். நம் ஆட்கள் எழுந்து, எங்கள் பார் அங்கே இருக்கிறதே என்று கத்துவார்கள். மேடையில் இருக்கிறவர் உங்கள் கருத்து பதிவு செய்யப்படும் என்பார். அறிக்கையைப் புரட்டினால் உள்ளே ஒரு பக்கத்தில் துறைவாரியாக நிபுணர்களின் பெயரும் கையெழுத்தும் இருக்கும். காற்றுக்கு ஒருத்தர், நிலத்தடி நீருக்கு ஒருத்தர். சூழலியலும் பல்லுயிரும் என்ற வரிசைக்கு நேரே நாளைக்கு உன் பெயர் இருக்கும். நம் ஊர்ப் பந்தலில் நம் ஆட்கள் அதைப் படிப்பார்கள், ஜெசி. தாத்தாவின் பேத்தி என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ரொம்ப நேரம் ஆகாது.

முடிவு உன்னுடையது என்று சொன்னேன் அல்லவா, அது இப்போதும் அப்படியேதான்.

ஒருவேளை நீ ஆராய்ச்சியைத் தொடர்வதாக இருந்தால், அந்த அத்தியாயத்தைத் திருத்த எனக்குத் தோன்றிய சிலதைச் சொல்கிறேன். ஜிபிஎஸ் புள்ளி எடுத்துப் போடுகிறாய், சரி. ஆனால் ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் கோயில் கோபுரத்தையும் பனையையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பாரைக் கண்டுபிடித்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போ. இங்கே கல் எடுத்தோம், இங்கே எடுக்கவில்லை என்று காட்டுவார்கள். எடுத்த இடத்தையும் எடுக்காத இடத்தையும் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் வெளுப்பு எவ்வளவு, கடப்பாரை எவ்வளவு என்று பிரிக்க முடியும். இப்போது நீ இரண்டையும் ஒரே டேப்பில் சேர்த்து அளந்து சராசரி எடுத்திருக்கிறாய். உன் கைடு அதைக் கவனிக்காதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஊருக்குள்ளும் போய்ப் பார். கடற்கரைத் தெருக்களில் பழைய மதில் இடிக்கும் இடத்தில் நின்றால் செங்கலுக்கு நடுவே பவளக்கல் தெரியும். கீழக்கரையிலும் இராமேசுவரத்திலும் அப்படித்தான். எந்த இனம், எவ்வளவு பருமன், எந்தக் காலத்துச் சுவர் என்று யாராவது குறித்து வைத்திருக்கிறார்களா? நான் கேள்விப்படவில்லை. போரைட்டிஸை அறுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு ஒரு கோடு தெரியும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். கடலில் இல்லாமல் போன பார் இந்த ஊர்ச் சுவர்களில் இருக்கிறது. அதை அளந்து எழுது. கல் யார் வீட்டில் இருக்கிறது என்பதும் அப்போது தானாக வெளியே வரும். அதற்காக நான் இதைச் சொல்லவில்லை, இருந்தாலும் வரும்.

பாசிப் பெண்களிடம் பேசும்போது கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டுப் பேசு. எந்தத் தீவில் எந்த மாதம் எடுப்பதில்லை என்று அவர்களுக்குள்ளேயே கட்டுப்பாடு இருக்கிறது. தாளைப் பார்த்தால் வனத்துறை அனுப்பிய ஆள் என்று நினைத்து, நாங்கள் தீவுப் பக்கமே போவதில்லை என்பார்கள். உன் அட்டவணையின் பாதி அப்படி வந்ததுதான் என்று எனக்குச் சந்தேகம்.

நிறைய எழுதிவிட்டேன். அத்தை எட்டிப் பார்த்து, பிள்ளைக்குத் தைரியம் சொல்லச் சொன்னால் பரீட்சைத் தாள் திருத்துகிறீர்களே என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். நீ எழுதிய மற்ற மூன்று அத்தியாயங்களும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன, அதைச் சொல்ல விட்டுவிட்டேன். கடல்புல் பற்றி எழுதிய இரண்டாவது அத்தியாயத்தைப் பங்குச் சாமியாரிடம் காட்டினேன், அவரும் மெச்சினார். நம் குடும்பத்தில் கடலுக்குள் கண்ணைத் திறந்து பார்த்து அதைக் காகிதத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நீ. நீ பிறந்தபோது உன்னைக் கையில் வாங்கிய தாத்தா இவள் கை நீளமாக இருக்கிறது, நன்றாக நீந்துவாள் என்றார். நீ சென்னைக்குப் போனாலும் சரி, ஹாஸ்டலிலேயே இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தாலும் சரி, மாமாவுக்குச் சந்தோஷம்தான். அந்தோணி பேசியதை மனதில் வைக்காதே, நான் பேசியதையும்தான். ஒழுங்காகச் சாப்பிடு. ராத்திரி அம்மாவுக்குப் போன் செய். என் பென்ஷனில் கொஞ்சம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன், அது கடன் இல்லை, திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. ரெகுலேட்டரை சர்வீஸ் செய்ய வைத்துக்கொள். மிஞ்சினால் நல்லதாக ஒரு செருப்பு வாங்கு, போன தடவை போட்டிருந்தது பார்க்கச் சகிக்கவில்லை.

என் கண்ணே, உனக்கு ஒரு குறையும் வராது. மாதா துணை.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். மக்ரூன் ஒரு கிலோ, நெத்திலிக் கருவாடு தனிப் பையில். இரண்டையும் சேர்த்து வைக்காதே, போன தடவை நடந்தது போதும். சென்னையில் சேர்வதாக முடிவு செய்தால் திருவொற்றியூரில் நம் லூர்து அக்கா வீட்டு மாடி காலியாக இருக்கிறது, வாடகை பேசி வைத்திருக்கிறேன். நீ சேரமாட்டாய் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் ஜூலை வரை வேறு ஆளுக்கு விடமாட்டாள்.